இடப்பக்கம் விட்டுப்போன தையல்

எங்கள் தையல் நிலையத்துக்குப் போன மாதம் புதிய மெஷின்கள் வந்திருக்கின்றன. சின்னத் திரையில் விரலை வைத்தால் பூ, இலை, வாத்து, ஆங்கில எழுத்து என்று தானாகவே தைத்துக்கொண்டு போகும். இப்போது அங்கே படிப்பிக்கும் நிரோஷா என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் தைத்துக் காட்டினாள். பிறகு, "உங்கட மெஷினில இவ்வளவு தையல் இல்லைத்தானே ரீச்சர்? இருந்ததில எதைக் கனக்கப் பாவிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

"சிக்சாக்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பதிலை விரித்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரையாக எழுதித் தரும்படி அவள் இப்போது கேட்டிருக்கிறாள். மலருக்குப் பொருத்தமான சங்கதியாக இது வருமோ தெரியாது. ஆனால் சிக்சாக் தையலைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டால் எனக்கு நினைவில் வருவது இதுதான். வேறொன்றை எழுத என்னால் முடியவில்லை.

நான் நறுவிலிக்குளத்தில் பிறந்தவள். அப்பாவுக்குக் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல் இருந்தது. அண்ணன்மார் வயலுக்குப் போனார்கள். நான் மன்னார் ரவுணில் தையல் பயிற்சி முடித்து, வங்காலையில் இருந்த பெண்கள் தையல் நிலையத்துக்கு உதவி ஆசிரியையாக வந்தேன். வயல் ஊரில் வளர்ந்தவளுக்குக் கரை ஊர் புதிது. மீன் மணமும் கத்தோலிக்கக் கோயில் மணியும் பழகவே கொஞ்சக் காலம் எடுத்தது. அந்த நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஞானம் மிஸ்.

ஞானம் மிஸ் உடுப்பின் வெளிப்பக்கத்தை முதலில் பார்க்கமாட்டார். தைத்ததைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் அதை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுவார். இடது மணிக்கட்டில் ஒரு பஞ்சுப் பொட்டலம் கட்டியிருப்பார். அதில் குண்டூசிகள் குத்தியிருக்கும். பிழை உள்ள இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்துவார். என்ன பிழை என்று சொல்லமாட்டார், முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். குண்டூசிகளோடு உடுப்பு திரும்பி வரும். நாங்களாகப் பார்த்துக் கண்டுபிடித்துப் பிரித்துத் திரும்பத் தைக்கவேண்டும். குண்டூசி இல்லாமல் மடித்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாரென்றால் அதுதான் பாராட்டு. அதைவிட வேறு பாராட்டு அவரிடமிருந்து யாருக்கும் கிடைத்ததாக நான் அறியேன்.

ஒருநாள் துணிந்து கேட்டேன். "மிஸ், பிழையைச் சொன்னால் கெதியாய்த் திருத்தலாமெல்லோ?"

"நான் சொன்னால் நீர் என்னோட கோவிப்பீர்," என்றார். "ஊசியோட ஆர் கோவிக்கிறது? துணியைத்தான் பாப்பீர்."

காலையில் மெஷினைத் திறந்தால் முதலில் பழைய ஊசியின் நுனியை நகத்தில் இழுத்துப் பார்க்கவேண்டும். கீறினால் மாற்றவேண்டும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டாக மடித்த துண்டுத் துணியில் நேர்த்தையலும் சிக்சாக்கும் ஒவ்வொரு வரி தைத்து, முன்னும் பின்னும் பார்க்கவேண்டும். கீழ்நூல் மேலே தெரிந்தாலும் மேல்நூல் கீழே தெரிந்தாலும் நூல் இறுக்கத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் வேலை. ஒவ்வொரு தையலையும் அது செய்யும் வேலையைச் சொல்லித்தான் அவர் படிப்பிப்பார். நேர்த்தையல் இரண்டு துணியைச் சேர்க்கும். சிக்சாக் விளிம்பு நூல் பிரியாமல் பிடிக்கும். ஒரு வளைவை மூன்று சிறு தையலாக உடைத்துப் போகும் சிக்சாக்கும் உண்டு. அது கிழிந்த இடத்தைப் பிடிக்கும். கீழ்மடிப்பை வெளியே தெரியாமல் பிடிக்க ஒரு தையல் இருக்கிறது. சிப்பித் தையல், பூத்தையல் எல்லாம் கடைசி வாரத்தில்.

"முதல் கிழியாமல் இருக்கட்டும்," என்பார். "வடிவு பிறகு பாப்பம்."

சண்டைக்காலத்தில் நிலையம் மூடப்பட்டது. நாங்கள் இடம்பெயர்ந்தபோது ஒரு மெஷினின் தலையைமட்டும் பலகையிலிருந்து கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். முகாமில் மின்சாரம் இல்லை. மெஷினின் பக்கத்தில் சுழலும் சில்லைக் கையால் சுற்றிச் சுற்றித்தான் தைத்தேன். நுளம்பு வலை, சீருடை, கிழிந்த கூடாரத் தறப்பாள் என்று என்னவெல்லாமோ வந்தன.

ஒரு பின்னேரம் கரை ஊர்ப் பெண் ஒருத்தி வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அவளுடைய கலியாணச் சட்டையிலிருந்து வெட்டியது. பிறந்து சில மாதமேயான குழந்தை வயிற்றோட்டத்தில் காலையில் செத்துப்போனது. அடக்கத்துக்கு ஒரு சட்டை வேண்டும். அளவெடுக்க எழும்பினேன்.

"வரவேண்டாம்," என்றாள். தன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையும் தொட்டுக் காட்டினாள். "இவ்வளவுதான்."

கழுத்தைச் சுற்றி ஏதாவது வடிவாக வேண்டும் என்று கேட்டாள். மெல்லிய துணியை மடித்து, மேல்நூலை நன்றாக இறுக்கிவிட்டு விளிம்பில் தைத்தால், அந்தந்த இடத்தில் துணி உள்ளே இழுபட்டுச் சிப்பி அடுக்கியதுபோல வரும். அதைத்தான் செய்தேன். ஒருகையால் சில்லையும் மறுகையால் துணியையும் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னக் கழுத்தைச் சுற்றி வர வெகுநேரம் சென்றது. அவள் பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. முடிந்ததும் உள்பக்கத்தைப் புரட்டித் தடவிப் பார்த்தாள். "உறுத்தாதுதானே?" என்று கேட்டாள். உறுத்தாது என்றேன்.

இனி நான் சொல்லவந்த சங்கதி.

மீளக் குடியேறியபிறகு ஞானம் மிஸ் திரும்பி வந்து நிலையத்தைத் திறந்தார். ஒரு உதவி நிறுவனம் வீட்டில் பாவிக்கும் வெள்ளை நிறச் சின்ன மெஷின்களைத் தந்தது. கூடவே கடும்நீலத் தடித்த துணியில் ஒரு முழுச் சுருள். அந்தத் துணியில் ஆண்கள் போடும் கட்டைக் காற்சட்டை தைப்பதுதான் பயிற்சியின் முடிவு வேலை. ஆளுக்கு ஒன்று தைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அந்த வருடம் கடலுக்குப் போன ஆண்களில் கனபேர் ஒரே நீலக் காற்சட்டையோடு போனார்கள்.

அந்த வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் இருந்தவர்கள் மெற்றில்டாவும் ஜெசிந்தாவும். மெற்றில்டாவின் புருஷன் அலோசியஸ், ஜெசிந்தாவின் புருஷன் தாசன். இரண்டுபேரும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே உடல்வாகு. மெற்றில்டாவுக்கு ஒரு மகள். ஜெசிந்தாவுக்குப் பிள்ளை இல்லை. மெற்றில்டாவின் மகள் பாதிநேரம் ஜெசிந்தா வீட்டில்தான் சாப்பிடுவாள். வகுப்பில் ஒருத்திக்கு நூல் அறுந்தால் மற்றவள் எழும்பிக் கோத்துக் கொடுப்பாள். அப்படி இருந்தார்கள்.

பயிற்சி முடிந்தபிறகு மெற்றில்டா யாரோ பாவித்த ஒரு பழைய மெஷினை வாங்கினாள். அதில் சிக்சாக் சரியாக விழவில்லை என்று கூப்பிட்டாள், போய்ப் பார்த்தேன். ஊசி வலப்பக்கம் குத்தும்போது கீழ்நூலைப் பிடித்தது. இடப்பக்கம் குத்தும்போது இடையிடையே விட்டுவிட்டுப் போனது. விட்ட இடத்தில் மேல்நூல் தொங்கலாக நின்றது. ஊசியை மாற்றிப் பார்த்தேன், மாறவில்லை. உள்ளே நூலைப் பிடிக்கும் கொக்கி நேரம் தவறிச் சுற்றுகிறது, மன்னாருக்குக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் குடுக்கவேணும் என்று சொன்னேன்.

அவள் அப்போது அலோசியஸின் நீலக் காற்சட்டைக்குப் பின்பக்கம் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். படகின் பலகையில் இருந்து இருந்து அந்த இடம் தேய்ந்துபோயிருந்தது. வேறு நிறத் துணி வைத்து, மூன்று சிறு தையலாகப் போகும் சிக்சாக்கால் சுற்றித் தைத்திருந்தாள். இடப்பக்கம் எங்கும் நூல் தொங்கியது.

"பிரிச்சுப்போட்டு நிலையத்துக்குக் கொண்டுவா, அங்க தைப்பம்," என்றேன்.

"கடலுக்குப் போற காற்சட்டைதானே ரீச்சர். மீனோ பாக்கப்போகுது?" என்று சிரித்தாள்.

அடுத்த சோளகக் காற்றுக் காலத்தில் ஒருநாள் அவர்களுடைய படகு திரும்பி வரவில்லை. காற்றுத் திடீரென்று எழும்பியதால் மற்றப் படகுகள் எல்லாம் நேரத்தோடு கரைக்கு வந்துவிட்டன. மறுநாள் தேடிப்போனவர்கள் கவிழ்ந்துகிடந்த படகைக் கட்டி இழுத்துவந்தார்கள். ஆட்கள் இல்லை. ஊரே கடலில் இறங்கித் தேடியது. கடற்படையும் தேடியது. மெற்றில்டாவும் ஜெசிந்தாவும் கோயிலுக்குள் ஒரே பாயில் இருந்தார்கள். ஒருத்தி எழும்பினால் மற்றவளும் எழும்பினாள். நான் சோறு கொண்டுபோனால் ஒரே சோற்றுக்கோப்பையில் இரண்டுபேரும் கொஞ்சம் அளைந்துவிட்டு வைத்துவிடுவார்கள்.

ஒரு கிழமைக்கு மேல் கழிந்து தெற்கே கொண்டச்சிக் கரையில் ஒரு உடல் ஒதுங்கியது. பொலிஸ் எடுத்துப்போய் ஆஸ்பத்திரியில் வைத்தது. இரண்டு பெண்களையும் கூட்டிப்போனார்கள். உடலைக் காட்டவில்லை. பார்த்து அறிய அதில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. மேலே சட்டை இல்லை. உடுத்திருந்த காற்சட்டையைக் கழற்றி அலசி, ஒரு தட்டில் வைத்துத்தான் காட்டினார்கள்.

அன்று மத்தியானம் கிராம சேவையாளர் நிலையத்துக்கு வந்தார். ஞானம் மிஸ்ஸிடம் சொன்னார்: "மிஸ், ரெண்டுபேரும் தங்கட ஆளின்ரை இல்லை எண்டு சொல்லுகினம். உங்கட நிலையத்துத் துணி எண்டுமட்டும் ரெண்டுபேரும் ஒத்துக்கொள்ளுகினம். இந்தத் துணியில கனபேர் தைச்சவை, வேற ஊர் ஆளாயும் இருக்கலாம் எண்டுகினம். அதுதான் உங்களை ஒருக்கா வந்து பாக்கச் சொல்லிப் பொலிஸ் கேக்குது."

ஞானம் மிஸ் என்னையும் வரச்சொன்னார். கிராம சேவையாளர் வந்த வான் வண்டியிலேயே போனோம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபிறகுதான் மிஸ் சொன்னார்.

"தெரிஞ்சால் தெரியும் எண்டு சொல்லும். தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லும். இடையில நிக்காதையும். எங்கட வாயில இருந்து வாறதை வைச்சு அவை ஒரு மனுசனைப் புதைக்கப்போகினம்."

பிரேத அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை. பொலிஸ் சார்ஜன் சிங்களவர். அவருக்குத் தமிழ் பேசும் ஒரு கான்ஸ்டபிள் உதவியாக நின்றார். வைத்தியரும் இருந்தார். மூவரும் மரியாதையாகவே நடந்தார்கள். ஒருவரும் அடையாளம் காட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று வைத்தியர் ஆறுதலாகச் சொன்னார். உடலில் மாதிரி எடுத்து மரபணுப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்புவார்கள். முடிவு வர மாதக்கணக்காகும். அதுவரை உடலை வைத்திருக்க வசதி இல்லை. பேர் இல்லாமல், ஒரு இலக்கம் போட்டு அரசாங்கமே புதைக்கும்.

தட்டில் காற்சட்டை ஈரமாகக் கிடந்தது. உப்பும் மருந்தும் கலந்த மணம். ஞானம் மிஸ் கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு எப்போதும்போல அதை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினார். விளிம்புகளைப் பார்த்தார், இடுப்புப் பட்டியைப் பார்த்தார். பின்பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினார். ஒட்டுப் போட்டிருந்த துணி அப்படியே இருந்தது. அதைச் சுற்றி மூன்று சிறு தையலாகப் போகும் சிக்சாக். இடப்பக்கம் இடையிடையே விட்டுப்போய் நூல் தொங்கியது.

"இந்த மெஷின் விடுகுது," என்றார் மெதுவாக.

"ஓம் மிஸ்."

"தெரியுமோ?"

"தெரியும்."

எந்த மெஷின் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைச் சிறிதுநேரம் பார்த்தார். காற்சட்டையைப் பழையபடி புரட்டி, மடித்துத் தட்டில் வைத்தார். கான்ஸ்டபிளிடம், "தம்பி, எங்களுக்குக் கொஞ்சநேரம் தாங்கோ," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "முதல் அவவுக்குச் சொல்லும். பிறகு இவைக்குச் சொல்லுவம்," என்றார்.

மெற்றில்டா வெளியே வாகை மரத்தடியில் சீமெந்து வாங்கில் தனியே இருந்தாள். ஜெசிந்தா தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"ரீச்சர், ஒண்டும் சொல்லாதேங்கோ," என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ கண்டனி எல்லோ?"

"காணவே தேவையில்லை. கை வைச்ச உடனே தெரியும். தோய்க்கேக்க அந்த நூல் எத்தினைதரம் விரலில மாட்டினது."

"ஏன் பிள்ளை இல்லை எண்டனி?"

"இல்லை எண்டு சொன்னால் இல்லாமல் போயிடும் எண்டு நினைச்சன். வெளிக்கிடேக்க மகள் கேட்டவள், அப்பாவைக் கூட்டிக்கொண்டோ வருவியள் எண்டு. ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். இப்ப எப்பிடி ரீச்சர் நான் போறது?"

தெரிந்ததைச் சொன்னேன். "நீ சொல்லாட்டி அலோசியஸை இலக்கம் போட்டுப் புதைக்கப்போகினம். பேர் இல்லாமல்."

அவளுடைய கைகள் சீலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தன. பிறகு நின்றன.

"என்ர வாயால வேண்டாம்," என்றாள். "நீங்கள் சொல்லுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்."

உள்ளே போனோம். நான் ஒட்டுத் துணியைக் காட்டி, விட்டுப்போன இடங்களைக் காட்டி, இது எந்த வீட்டு மெஷினில் தைத்தது, அந்த மெஷினை நான் எப்போது பார்த்தேன் என்று சொன்னேன். கான்ஸ்டபிள் சிங்களத்தில் சொன்னார். சார்ஜன் கவனமாகக் கேட்டார். திரும்பவும் ஏதோ கேட்டார்.

"நிச்சயமோ எண்டு கேக்கிறார்," என்றார் கான்ஸ்டபிள்.

"நிச்சயம்," என்றேன்.

சார்ஜன் மெற்றில்டாவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். ஆட்டியபடியே நிலத்தில் இருந்துவிட்டாள். ஞானம் மிஸ் அவளுக்குப் பின்னால் போய் நின்று அவளுடைய தலையைத் தன் முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் வாசலில் ஜெசிந்தா நிற்பதைக் கண்டேன். கையில் தண்ணீர்ப் போத்தல். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. நேரே என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"அப்ப என்ர ஆள் இல்லைத்தானே ரீச்சர்? தாசன் இல்லைத்தானே? அப்ப அவர் இருக்கிறார்தானே?"

அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமலேதான் வந்தது. நிலத்தில் இருந்த மெற்றில்டா நிமிர்ந்து அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். ஜெசிந்தாவும் அவள் பார்ப்பதைக் கண்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் பார்த்தது பார்த்ததுதான். ஒருவாரத்துக்கு மேலாக ஒரே பாயில் இருந்தவர்கள் திரும்பிவரும்போது வானில் வெவ்வேறு இருக்கையில் இருந்தார்கள்.

அலோசியஸை மூடிய பெட்டியோடு கோயில் சவக்காலையில் அடக்கம் செய்தார்கள். மெற்றில்டாவின் மகளிடம் எடுத்த மாதிரியை வைத்துச் செய்த பரிசோதனையின் முடிவும் பல மாதம் கழித்து வந்தது. அவரேதான்.

அடக்கத்துக்கு ஜெசிந்தா பச்சைச் சீலையோடு வந்தாள். ஊர்ப்பெண்கள் முணுமுணுத்தார்கள். கறுப்பு உடுத்தால் தாசன் செத்ததாக ஆகிவிடும் என்று அவள் நினைத்திருக்கவேண்டும். மெற்றில்டா அவளைப் பார்க்கவேயில்லை.

அதற்குப் பிறகு ஜெசிந்தா செய்ததெல்லாம் தேடுவதுதான். காற்றில் அள்ளுப்பட்ட படகுக்காரரைச் சிலவேளை இந்தியப் படகுகள் ஏற்றிக்கொண்டு போவதுண்டு. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இராமேஸ்வரத்தில் சொந்தக்காரர் உள்ளவர்களிடம் எல்லாம் தாசனின் படத்தைக் கொடுத்தாள். தலைமன்னாருக்குப் போய் ஒவ்வொரு மீன்வாடியாகக் கேட்டாள். சாத்திரக்காரன் ஒருவன் வடக்குத் திசையில் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னான். வடக்கே போய்வந்தாள். மற்றொருவன் மேற்கு என்றான். நிலையத்துக்கு வருவதை விட்டுவிட்டாள். வழியில் என்னைக் கண்டால் முதலில் நின்று கதைப்பாள். பிறகு தலையைமட்டும் ஆட்டினாள். பிறகு அதுவும் இல்லை. வருடங்கள் போகப் போக அவளுடைய முகம் காய்ந்து, என்னைவிட வயதானவள்போல ஆகிவிட்டாள்.

மெற்றில்டா ஒரு வருடம் கறுப்பு உடுத்தாள். பிறகு நீர்க்கொழும்பிலிருந்து துணி எடுத்து வீட்டிலேயே தைத்து விற்றாள். மகளைப் படிப்பித்தாள். நன்றாக இருந்தாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் போய் நிற்பதற்குச் சவக்காலையில் ஒரு இடம் இருந்தது.

ஞானம் மிஸ் ஓய்வுபெற்றார். அந்த இடத்துக்கு நான் வந்தேன். பிறகு நானும் ஓய்வுபெற்றேன். நிலையத்துக்குக் கிட்டவே ஒரு சின்ன வீட்டில் இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு வந்த கார்த்திகை மாதம். மரித்தவர்களுக்காகக் கத்தோலிக்கச் சனம் சவக்காலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தும் நாள். ஊர் முழுக்க அங்கேதான் இருக்கும். நான் அந்தச் சமயத்தவள் இல்லை, வீட்டில் இருந்தேன். ஜெசிந்தா வந்து படலையைத் திறந்தாள்.

"இண்டைக்கு எங்கட சனம் ஒருத்தரும் வீட்டில இல்லை," என்றாள். "நீங்கள் இருப்பியள் எண்டு தெரியும்."

கதிரையைக் காட்டினேன். இருந்தாள். பையிலிருந்து ஒரு சேட்டும் ஒரு சாரமும் வெள்ளைத் துணி ஒன்றும் எடுத்து மேசையில் வைத்தாள். தாசன் வீட்டில் உடுத்தவை. நன்றாகத் தோய்த்து மடித்திருந்தாள்.

"பங்குச் சுவாமியிட்டைக் கேட்டனான். பூசை வைச்சு இதைப் புதைக்கலாம் எண்டவர். இதை வெள்ளைத் துணிக்குள்ள வைச்சுத் தைச்சுத் தாங்கோ."

"எங்க புதைக்கப்போறாய்?"

"அலோசியஸ் அண்ணையின்ர காலடியில. அவ இடம் தாறன் எண்டவ."

"மெற்றில்டாவோட கதைச்சனியோ?"

"இல்லை. சுவாமிதான் கேட்டவர்."

மெஷினைத் திறந்தேன். துணியை மடித்து, உடுப்பை உள்ளே வைத்து விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்தேன். எந்தத் தையல் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்.

"பிரிக்கேலாத மாதிரித் தையுங்கோ ரீச்சர். எனக்கு என்னில நம்பிக்கை இல்லை. ஒருநாளைக்குப் போய்த் தோண்டினாலும் தோண்டுவன்."

இரண்டு அடி முன்னே போய் ஒரு அடி பின்னே வந்து, ஒவ்வொரு இடத்திலும் மூன்று நூல் விழும் ஒரு தையல் இருக்கிறது. அதைப் பிரிக்க நினைத்தால் துணியைத்தான் வெட்டவேண்டும். அதை வைத்தேன். அந்தத் தையலில் மெஷின் மெதுவாகத்தான் போகும். ஒரு பக்கம் முடித்து மூலையில் திருப்பும்போது அவள் பேசினாள். சத்தம் உயரவில்லை.

"அண்டைக்கு என்ர தையல் எண்டு நீங்கள் சொல்லியிருக்கலாம் ரீச்சர்."

கால் மிதியிலிருந்து எடுபட்டுவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவவும் இல்லை எண்டுதானே சொன்னவ. நீங்கள் என்ர எண்டு சொல்லியிருந்தால் எனக்கு அண்டைக்கே முடிஞ்சிருக்கும். நான் கும்பிட்டுப்போட்டு இருந்திருப்பன்."

"அப்பிடிச் சொல்லியிருந்தால் இண்டைக்கு இந்தக் கதிரையில மெற்றில்டா இருந்திருப்பா," என்றேன்.

அவள் மேசையில் கிடந்த நூல்துண்டை எடுத்து விரலில் சுற்றினாள்.

"ஓம்," என்றாள். "அவ இருந்திருப்பா."

பிறகு, "தையுங்கோ," என்றாள்.

மிச்ச மூன்று பக்கமும் தைத்து முடித்தேன். நூலை வெட்டினேன். பொதியை அவள் கையில் கொடுத்தேன். ஓரங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ஒரு இடமும் இளகவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பினாள்.

வாசலுக்கு வந்தபோது படலைக்கு வெளியே, வேலியோரமாக மெற்றில்டா நிற்பதைக் கண்டேன். அன்றைய நாளுக்காகக் கறுப்புச் சீலை உடுத்திருந்தாள். கையில் ஒரு கட்டு மெழுகுதிரி. எப்போது வந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். உள்ளே வரவில்லை.

ஜெசிந்தா அவளைத் தாண்டி முன்னே நடந்தாள். மெற்றில்டா சில அடி விட்டுப் பின்னால் போனாள். சவக்காலைக்குத் திரும்பும் முடக்கு வரையும் அப்படியே போனார்கள். முடக்கில் ஜெசிந்தா நின்றுவிட்டாள். காலெடுத்து வைக்க முடியாதவள்போல நின்றாள். மெற்றில்டா மெழுகுதிரிக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிட்டப்போய், பொதியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

ஒரு சேட்டும் ஒரு சாரமும்தான். ஒரு பிள்ளைகூடத் தூக்கும். இரண்டுபேரும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சவக்காலைக்குள் போனார்கள்.